ஜப்பானில் பேரரசர் இருக்கையிலேயே போர்வீரர் ஆட்சி: ஜிட்டோவை நம்ம பாளையக்காரரோடு ஒப்பிடலாமா?

பொருநைக்கரை:

அண்ணாச்சிமார், டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வரலாற்று வகுப்பு நடக்கு. அடுத்த தலைப்பு இடைக்கால ஜப்பான், 1180 முதல் 1336 வரை. யார் யாரை எந்தப் போரில் வென்றார்கள் என்பது எங்கேயும் கிடைக்கு. ஆட்சி எப்படி நடந்தது என்பதுதான் பிடிபடலை.

1185-ல் தான்-னோ-உரா கடற்போரில் தைரா குலத்தை ஒழித்த மினமோட்டோ யோரிட்டோமோ கியோத்தோவுக்குப் போய் அரியணை ஏறலை. பேரரசர் அங்கேயே இருக்கார், இவர் கிழக்கே காமகுராவில் இருக்கார். அப்படின்னா ஒரு ஊரில் விளைஞ்ச நெல்லு யார் வீட்டுக்குப் போச்சு? அடுத்தது, 1274-லயும் 1281-லயும் மங்கோலியரைத் திருப்பி அனுப்பின அரசு 1333-ல் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சது ஏன்? அதுக்குப் பிறகு பேரரசர் கோ-தாய்கோ நேரடியாகவே ஆண்டார். அதுவும் மூணு வருஷம்தான். அதுக்குக் காரணம் அவர் குணமா, அமைப்பா?

கடைசியா, வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எட்டயபுரம், சிவகிரி, ஊத்துமலைப் பக்கத்துப் பிள்ளைகள். ஜிட்டோ (பண்ணையில் காமகுரா வைத்த நிர்வாகி) என்கிற பதவியை "ஜப்பான் பாளையக்காரர்" என்று சொன்னால் சட்டுனு விளங்கும். ஆனா சொல்லலாமா? தப்பான ஒப்புமை ஒரு தடவை மனசில் ஏறிட்டா இறக்குறது கஷ்டம். விவரமாச் சொல்லுங்க.

களத்துமேடு:

பொருநை அண்ணாச்சி, நீங்க கேட்ட "நெல்லு யார் வீட்டுக்குப் போச்சு" என்கிறதுதான் சரியான கேள்வி. வாளைப் பின்தொடர்ந்து போனா இந்த வரலாறு விளங்காது. களத்தில் அளந்த நெல்லையும், அதை அளக்க உரிமை தந்த ஓலையையும் பின்தொடரணும்.

12-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நல்ல நிலத்தில் பெரும்பகுதி ஷோயென் என்கிற பண்ணைகளா இருந்தது. ஒரு ஷோயெனுக்கு "சொந்தக்காரர்" என்று ஒருத்தரைச் சுட்ட முடியாது. மேலே கியோத்தோவில் அரச குடும்பமோ புஜிவாரா பிரபுவோ பெருங்கோயிலோ பாதுகாவலர். அடுத்த படியில் உரிமையாளர். அதுக்குக் கீழே ஊரில் இருந்து நிர்வாகம் பார்க்கிறவர். கடைசியில் உழுறவர். ஒவ்வொரு படிக்கும் விளைச்சலில் இன்ன பங்கு என்று உண்டு. அந்தப் பங்கைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், அடகு வைக்கலாம். மேல்வாரம், குடிவாரம், கோயில் பங்கு, கணக்கப்பிள்ளை பங்கு என்று ஒரே களத்தில் பல கை நீளுறதைக் கேட்டு வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு இது லேசா விளங்கும்.

ஊரில் நிர்வாகம் பார்த்த ஆட்கள்தான் போர்வீரர்கள். அவங்களுக்கு இருந்த பெரிய பயம், கியோத்தோவில் இருக்கிற மேலாள் ஒரு சீட்டு அனுப்பி நிர்வாகப் பதவியைப் பறிச்சிரலாம் என்கிறது. 1180-ல் யோரிட்டோமோ செய்த உண்மையான கலகம் இங்கேதான் இருக்கு. இருபது வருஷம் இசு நாட்டில் (அங்கே நாடு என்றால் ஒரு மாகாணம்) நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவர். எழுந்த உடனே இஷிபாஷியாமாவில் தோற்று, படகேறித் தப்பி ஆவா கரைக்குப் போனவர். ஆனா கிழக்குப் போர்வீரர்களுக்கு அவர் ஒன்று கொடுத்தார்: "உன் நிலமும் பதவியும் உன்னுதுதான், நான் உறுதி தாரேன்" என்று தன் பெயரிலேயே எழுதின ஓலை. அப்படி உறுதி கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதை வாங்கினவங்க எல்லாரும் அவர் ஜெயிச்சே ஆகணும் என்கிற நிலைக்கு வந்துட்டாங்க, ஏன்னா அவர் தோத்தா அந்த ஓலை செல்லாது.

கியோத்தோவுக்கு ஏன் போகலை? புஜிகாவா ஆற்றங்கரையில் தைரா படை கலைஞ்சு ஓடினதும் போகத்தான் நினைச்சார். சிபா, மியூரா, கசூசா தலைவர்கள் தடுத்தாங்க: முதலில் கிழக்கை ஒழுங்கு பண்ணுங்க, இங்கே அடங்காதவன் இன்னும் இருக்கான் என்று. அவங்க நிலம் கிழக்கில்தானே இருக்கு. தைரா கியோமோரியின் வழி வேற: 1167-ல் தலைமை அமைச்சர், 1180-ல் பேரனையே பேரரசராக்கினார். பதவியெல்லாம் அவர் குடும்பத்துக்குள்ளேயே நின்னுது. ஊரில் இருக்கிற வீரனுக்கு அதில் பெரிசா எதுவும் கிடைக்கலை.

ஆண்டுகளை இப்படி வச்சுக்கிடுங்க. 1183 அக்டோபர் ஆணை: கிழக்கு நாடுகளின் வரி கியோத்தோவுக்கு ஒழுங்கா வரணும், அதை மீறுறவங்களை யோரிட்டோமோ அடக்கலாம். இது ரெண்டு பக்கமும் லாபமான பேரம். 1185 கடைசியில், ஓடிப்போன தம்பி யோஷிட்சுனேயைத் தேடுறதைக் காரணமாச் சொல்லி, நாட்டுக்கு ஒரு ஷுகோ (காவல் தலைவர்), பண்ணைகளுக்கு ஜிட்டோ என்று நியமிக்க அனுமதி வாங்கினார். கூடவே "தன்" என்கிற நில அளவு ஒன்றுக்கு 5 ஷோ (ஷோ என்பது நெல் அளவை) வீதம் படைச்செலவுக்குப் படிநெல்லும் கேட்டார். எதிர்ப்பு பலமா இருந்ததால் 1186-லேயே படிநெல்லை விட்டுக்கொடுத்தார். தைரா குலத்தாரிடமும் கலகக்காரரிடமும் பறிச்ச நிலத்துக்கு மட்டும்தான் ஜிட்டோ என்றும் ஒத்துக்கிட்டார். "1185-லிருந்து நாடு முழுக்க எல்லா ஊரிலும் ஜிட்டோ" என்று கரும்பலகையில் எழுதிராதீங்க. அதுதான் வழக்கமா வார பிழை.

ஆக, உங்க கேள்விக்கு விடை: நெல்லு பழையபடி கியோத்தோவுக்கும் போச்சு. நடுவில் ஒரு படியில் உக்காந்திருக்கிற ஆளை நியமிக்கவும் நீக்கவும் காமகுராவுக்கு மட்டும் உரிமை. அரியணையை விட அது கெட்டியான பிடி.

கணக்கு வேணும்னா 1221-க்கு வாங்க. ஓய்வுபெற்ற பேரரசர் கோ-தோபா காமகுராவை எதிர்த்துப் படை திரட்டித் தோற்றார். ஓக்கி தீவுக்கு அனுப்பிட்டாங்க. அவர் பக்கம் நின்றவங்ககிட்டே சுமார் 3,000 இடங்கள் பறிமுதல் ஆச்சு, பெரும்பாலும் மேற்கில். அங்கே போன புது ஜிட்டோக்களுக்கு 1223-ல் விகிதம் வகுத்தாங்க: 11 ச்சோவுக்கு 1 ச்சோ சொந்த அனுபவம், மீதியில் தன்னுக்கு 5 ஷோ கூடுதல் நெல், மலை, ஆறு வருமானத்தில் பாதி. 10 தன் ஒரு ச்சோ. 100 ஷோ ஒரு கோக்கு. அப்போ 22 ச்சோ பண்ணையில் 2 ச்சோ ஜிட்டோவுக்கு. மீதி 20 ச்சோ என்பது 200 தன். அதில் 1,000 ஷோ, அதாவது 10 கோக்கு கூடுதல் நெல். இந்த விகிதம் எல்லாருக்கும் கிடையாது. முன்னால் இருந்தவருக்கு ஏற்கெனவே போதுமான வருமானம் வழக்கத்தில் இருந்தால் அந்தப் பழைய வழக்கமேதான். கோக்கை கிலோவாக்கிக் காட்டவும் வேண்டாம். அன்றைக்கு அளவைப் படி ஊருக்கு ஊர் மாறும்.

ஏட்டுக்கட்டு:

களத்துமேடு அண்ணாச்சி சொன்னதோடு நீதிமன்றத்தையும் சேர்க்க வேண்டும். காமகுரா ஆட்சி ஒன்றரை நூற்றாண்டு நிலைத்ததற்கு அதன் வழக்கு விசாரணைதான் முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. போர்வீரர் ஆட்சி என்றதும் வெட்டு, குத்து என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். அந்த அலுவலகங்களில் அன்றாடம் நடந்தது ஆவணம் படிப்பதுதான்.

யோரிட்டோமோ 1199-இல் இறந்தபின் அதிகாரம் அவர் மனைவி மசாகோவின் பிறந்த வீடான ஹோஜோ குடும்பத்துக்குப் போனது. மூன்றாவது ஷோகன் (படைத்தலைமைப் பட்டம் பெற்ற ஆட்சித் தலைவர்) சனெட்டோமோ 1219-இல் கொலையுண்டதோடு யோரிட்டோமோவின் நேர்வாரிசு அற்றது. அதன்பின் கியோத்தோவிலிருந்து வரவழைத்த சிறுவர்கள் பெயரளவில் ஷோகன். ஹோஜோ குடும்பத்தவர் ஷிக்கென் (ஷோகனுக்குப் பதிலாக ஆள்பவர்) என்ற பதவியில் இருந்து ஆண்டார்கள். 1225-இல் ஹோஜோ யசுட்டோக்கி பதினொருவர் கொண்ட அவையை அமைத்தார். 1232-இல் 51 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பு வந்தது. அது போர்வீரருக்கு மட்டுமானது. கியோத்தோ அரசவையின் சட்டத்தை அது நீக்கவில்லை.

வகுப்பில் நான்கு விதிகளைச் சொன்னால் போதும். 3-ஆம் விதி: ஷுகோவின் வேலை காவல்முறைக்கு ஆள் அனுப்புவது, கலகத்தை அடக்குவது, கொலை முதலிய பெருங்குற்றங்களைப் பிடிப்பது, வேறு எதிலும் தலையிடக் கூடாது. 5-ஆம் விதி: ஜிட்டோ உரிமையாளருக்குரிய நெல்லைப் பிடித்து வைத்தால் கணக்குப் பார்க்க வேண்டும், பாக்கி சிறிதென்றால் உடனே, பெரிதென்றால் மூன்று ஆண்டுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் பதவி போகும். 8-ஆம் விதி: 20 ஆண்டு தொடர்ந்து அனுபவத்தில் இருந்தால், பழைய பத்திரத்தைக் காட்டி இன்னொருவர் கேட்க முடியாது. 15-ஆம் விதி: பொய்ப்பத்திரம் எழுதிய போர்வீரனுக்கு நிலம் பறிமுதல், நிலமில்லாதவனுக்கு நாடுகடத்தல், சாதாரண ஆளுக்கு முகத்தில் சூடு.

வழக்கு நடக்கும் முறை இது. வாதி மனுவோடு பத்திர நகல்களை இணைத்துக் கொடுப்பார். அலுவலகம் அதை எதிராளிக்கு அனுப்பி மறுமொழி கேட்கும். இப்படி மூன்று முறை கேள்வியும் மூன்று முறை பதிலும் எழுத்திலேயே நடக்கும். பிறகு இருவரையும் நேரில் நிறுத்தி விசாரணை. 1249-இல் இதற்கென்று தனிக் குழுக்கள் அமைந்தன. குழு தன் கருத்தை எழுதி அவைக்கு அனுப்பும். அவை முடிவுசெய்து தீர்ப்போலை தரும்.

கோளாறு தீர்ப்புக்குப் பிறகு. வென்ற உரிமையாளர் ஓலையோடு ஊருக்கு வந்தால், ஆயுதம் ஜிட்டோ கையில். களமும் அவர் கண்முன்னே. கோயில்கள் அலைந்து அலைந்து சலித்தன. ஆகவே இருவகைச் சமரசம் பரவியது. ஒன்று: நல்ல ஆண்டோ பஞ்சமோ, இத்தனை கோக்கு நெல் தருகிறேன், நிர்வாகத்தை என்னிடம் விட்டுவிடு என்று ஜிட்டோ குத்தகையாக ஒப்புக்கொள்வது. மற்றது: பண்ணையையே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒருவர் பாதியில் மற்றவர் நுழையாமலிருப்பது. இரண்டிலும் ஜிட்டோதான் வளர்ந்தார். நடுப்படியில் பங்கு வாங்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்கே தலைவரானார்.

உழுதவர்களின் குரலையும் சேருங்கள். 1275-இல் கீ நாட்டின் அட்டெகாவா பண்ணைக் குடியானவர்கள் தங்கள் ஜிட்டோமீது 13 குறைகளை எழுதி, பண்ணையின் உரிமையாளரிடம் கொடுத்தார்கள். படித்தவர்களின் சீன எழுத்தில்லை. எளிய கத்தகனா எழுத்து. மரம் வெட்டி அனுப்பவிடாமல் ஜிட்டோ தங்களைத் தன் வேலைக்கு இழுக்கிறார், மறுத்தால் பெண்களின் காதையும் மூக்கையும் அறுப்பேன், தலைமயிரை வெட்டுவேன் என்று மிரட்டுகிறார் என்று அதில் இருக்கிறது. அந்த ஆவணம் இன்றும் இருக்கிறது. போர்வீரர் பெருமை பேசும் எந்த வகுப்பிலும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

வீரவநல்லூர் டீச்சர்:

1333 கேள்விக்கு நான் வாரேன்.

மங்கோலியப் போர் ஜெயிச்ச போர்தான், ஆனா நிலம் கிடைக்காத போர். 1185, 1221 இரண்டிலும் தோற்றவன் நிலத்தைப் பறித்து வென்றவனுக்குக் கொடுத்தார்கள். குப்லாய் கான் படையைக் கடலில் தள்ளினால் பறிக்க என்ன இருக்கு? கோகெனின் என்கிற காமகுராவின் நேரடி வீரர்கள் சொந்தச் செலவில் குதிரை, ஆள், சோறு எல்லாம் கொண்டு வந்தவர்கள். தக்கெசாக்கி சுவெனாகா என்ற ஹிகோ நாட்டு வீரர் 1275-ல் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவு தேடி, காமகுராவரை நேரில் போய் முறையிட்டு ஒரு ஜிட்டோ பதவி வாங்கினார். அவர் வரைய வைத்த படச்சுருள் இன்றும் இருக்கு. எல்லாராலும் அப்படிப் போய்க் கேட்க முடியுமா? போதாக்குறைக்கு, நாங்கள் வேண்டினதால்தான் எதிரி அழிந்தான் என்று கோயில்களும் சன்மானம் கேட்டு நின்றன.

செலவு 1281-ஓடு முடியவும் இல்லை. 1276-ல் ஹக்காத்தா விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 20 கிலோமீட்டர் கல்மதில் கட்டினார்கள். ஓசுமி நாட்டுப் பங்கீட்டு ஓலையில் கணக்கு தெளிவா இருக்கு: ஒரு தன் நிலத்துக்கு ஒரு சுன் நீள மதில். அதாவது ஒரு ச்சோ வைத்திருப்பவர் ஒரு ஷாக்கு, நம்ம கணக்கில் ஏறக்குறைய ஓரடி நீளம் கட்டணும். மூணாவது படையெடுப்பு வருமென்று கியூஷு வீரர்கள் காமகுரா விழும்வரை முறைவைத்துக் காவல் காத்தார்கள். வராத எதிரிக்குச் செய்த செலவுக்கு யாரும் சன்மானம் கொடுக்கவில்லை.

புயல் வந்ததால்தான் தப்பித்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. 1281-ல் மதில் இருந்ததால் எதிரிப்படை ஹக்காத்தாவில் இறங்கிக் காலூன்ற முடியவில்லை, பல வாரம் கப்பலிலும் தீவுகளிலும் கிடந்தது. அப்படிக் கிடந்ததால்தான் புயலில் மாட்டியது.

இதோடு பாகப்பிரிவினை. பிள்ளைகள் எல்லாருக்கும், பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுங்க: 16 ச்சோ இருந்தால் தலைமகனுக்குப் பாதி 8, மற்ற நாலு பேருக்கு ஆளுக்கு 2. அடுத்த தலைமுறையில் தலைமகன் கையில் 4, அதற்கடுத்து 2. ஆனா காவல்முறைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு குடும்பத் தலைவன் தலையில் அப்படியே நிற்கும். கடன் வாங்காமல் முடியாது. சீனத்துச் செப்புக்காசு புழக்கம் பெருகிய காலம் அது, வட்டிக்காரனும் பெருகினான். பின்னால் தலைமகன் ஒருவனுக்கே எல்லாம் என்ற வழக்கம் வந்தது, பெண்பிள்ளை பங்கு ஆயுள் அனுபவமாகச் சுருங்கியது. பங்கில்லாத தம்பிமார் எந்தக் கலகத்துக்கும் தயார்.

1297-ல் கடன் நிவாரண ஆணை போட்டார்கள். கோகெனின் விற்ற நிலத்தைக் காசு திருப்பித் தராமலே மீட்கலாம். வாங்கினவரும் கோகெனின் என்றால், 20 வருஷம் தாண்டியிருந்தால் மீட்க முடியாது. வாங்கினவர் சாதாரண ஆள் என்றால் வருஷக் கணக்கே கிடையாது. கடன் பாக்கி வழக்குகளை நீதிமன்றம் ஏற்காது. விளைவு என்ன? அடுத்த தடவை கோகெனினுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. கொடுத்தவர்களும் "நிவாரண ஆணை வந்தாலும் இந்தக் கிரயம் செல்லும்" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1298-லேயே ஆணையின் சில பகுதிகளை அரசே திரும்பப் பெற்றது.

வீரர்கள் இப்படி மெலிய, ஹோஜோ குடும்பம் பெருத்தது. நாட்டின் ஷுகோ பதவிகளில் ஏறக்குறையப் பாதி கடைசியில் அவர்கள் வீட்டில். 1285-ல் கோகெனின் தலைவர்களில் ஒருவரான அதாச்சி யசுமோரியையும் அவர் கூட்டத்தையும் அழித்த பிறகு, ஹோஜோ தலைவரின் வீட்டு ஊழியர்கள் பழைய கோகெனின்களுக்கு மேலே உட்கார்ந்தார்கள். உறுதி ஓலை கொடுத்து எழுந்த அரசு, கொடுக்க ஓலையில்லாத அரசாகிப்போச்சு.

விழுந்த வேகத்தைப் பாருங்க. கோ-தாய்கோ பக்கம் நின்ற குசுனோக்கி மசாஷிகே சிஹாயா மலைக்கோட்டையில் இருந்து காமகுராவின் பெரும்படையை மாசக்கணக்கில் கட்டிப்போட்டார். அவரைப் பிடிக்க முடியாத செய்தி பரவப் பரவ மற்ற நாடுகளிலும் எழுந்தார்கள். அடக்க அனுப்பின அஷிகாகா தகாவுஜியே பக்கம் மாறி, பழைய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 7-ஆம் நாள் கியோத்தோவில் காமகுரா வைத்திருந்த ரொகுஹாரா அலுவலகத்தை வீழ்த்தினார். 8-ஆம் நாள் கிழக்கே நிட்டா யோஷிசதா எழுந்தார், 22-ஆம் நாள் காமகுரா போச்சு. ஹோஜோ தலைவர் தகத்தோக்கியும் அவரைச் சேர்ந்தவர்களும் தோஷோஜி கோயிலில் தற்கொலை செய்துகொண்டார்கள். கூட நின்றவர்கள் அன்றைக்குக் காலையில் மாறவில்லை. ரெண்டு தலைமுறையாக மனசு மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு ஊர்ச்செய்தி: மங்கோலியர் ஜப்பான்மேல் படையெடுத்த கதையைத் தன் பயணக்குறிப்பில் சொல்லும் மார்க்கோ போலோ, நம்ம தாமிரபரணி முகத்துக் காயல் துறைமுகத்தையும் அங்கே இறங்கின குதிரைகளையும் சொல்கிறார். ஜப்பானுக்கு அவர் போனதில்லை. அதே குப்லாய் கானின் தூதர்கள் கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் வந்தார்கள். வகுப்பைத் தொடங்க இது நல்ல வாசல்.

பொருநைக்கரை:

டீச்சர், காயல் விஷயம் அருமை. கோ-தாய்கோ பத்தியும், பாளையக்காரர் ஒப்புமை பத்தியும் யாராவது சொல்லுங்க.

களத்துமேடு:

கோ-தாய்கோ விஷயத்தில் குணத்தை மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க. காமகுரா நாடுகடத்தின ஓக்கி தீவிலிருந்து தப்பி வந்தவர், துணிச்சல்காரர், உழைப்பாளி. தப்பு எங்கே என்றால், 1333 ஆறாம் மாதம் அவர் போட்ட உத்தரவில். நில அனுபவம் எதுவானாலும் இனி தன் கையோலை இருந்தால்தான் செல்லும் என்றார். நாடு முழுக்க இருந்து ஆட்கள் பத்திரக் கட்டோடு கியோத்தோவுக்கு நடந்தாங்க. அத்தனை பேருக்கும் ஓலை எழுத ஆளும் இல்லை, யார் சொல்லுறது மெய் என்று பார்க்கப் பழைய காமகுரா பதிவும் கையில் இல்லை. ஒரே நிலத்துக்கு ரெண்டு பேருக்கு ஓலை போச்சு. அடுத்த மாதமே, ஹோஜோ பக்கத்தவரைத் தவிர மற்றவங்க அனுபவத்தை அந்தந்த நாட்டு அதிகாரியே உறுதி செய்யலாம் என்று தளர்த்த வேண்டி வந்தது. காமகுராவின் 20 வருஷ அனுபவ விதியை நம்பி இருந்தவனுக்குக் காலடி மண்ணே ஆடின மாதிரி ஆயிருச்சு.

நில வழக்குகளுக்கு நாலு பிரிவா ஒரு நீதிமன்றம் வச்சாங்க, 1334-ல் எட்டாக்கினாங்க. அதே வருஷம் கியோத்தோவில் நிஜோ ஆற்றங்கரையில் யாரோ எழுதி வச்ச கேலிப்பாட்டு இப்பவும் கிடைக்கு: தலைநகரில் இப்போ மலிஞ்சு கிடக்கிறது இராத்திரித் தாக்குதல், கொள்ளை, போலி அரச ஓலை என்று தொடங்குது. போலி ஓலை முதல் வரியிலேயே வருது, கவனிங்க.

சன்மானமும் கோணல். அகமாட்சு என்ஷின் கியோத்தோவைப் பிடிக்க முன்னால் நின்னு போராடினவர். அவருக்கு ஹரிமா நாட்டு ஷுகோ பதவி கைவிட்டுப் போய், கடைசியில் மிஞ்சினது சயோ என்கிற ஒரு பண்ணை. இதுக்கிடையில் புது அரண்மனை கட்ட ஜிட்டோக்களின் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. போர் முடிஞ்ச மறு வருஷம் இது.

1335-ல் ஹோஜோ மகன் தொக்கியுக்கி காமகுராவைப் பிடிச்சு இருபது நாள் வச்சிருந்தான். அவனை விரட்டப் போன தகாவுஜி அங்கேயே தங்கி, தன் பெயரில் நிலம் கொடுக்கத் தொடங்கினார். 1180-ல் யோரிட்டோமோ செய்த அதே வேலை. 1336 தொடக்கத்தில் கியோத்தோவில் தோற்று மேற்கே ஓடும்போது ரெண்டு காரியம் செய்தார். ஒண்ணு, கோ-தாய்கோ பறிமுதல் பண்ணின நிலமெல்லாம் பழைய ஆட்களுக்குத் திரும்பும் என்று அறிவிச்சார். இன்னொண்ணு, அரச குடும்பம் ரெண்டு கிளையா இருந்ததில் கோ-தாய்கோவுக்கு எதிர்க் கிளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேரரசர் கோகோனிடம் ஆணை வாங்கினார்; இனி அவரைக் கலகக்காரன் என்று சொல்ல முடியாது. கியூஷுவில் தத்தராஹாமாவில் ஜெயிச்சு, படை பெருக்கி, ஐந்தாம் மாதம் மினத்தோகாவாவில் மசாஷிகேயைத் தோற்கடிச்சார். தோத்து ஓடுறவன் பின்னால் ஆள் சேர்ந்தது அந்த நில அறிவிப்பால்தான் என்று நான் அடிச்சுச் சொல்லுவேன். வருஷக் கடைசியில் கோ-தாய்கோ யோஷினோ மலைக்குப் போக, ரெண்டு அரசவை 1392 வரை.

கயத்தாறு வாசகர்:

ஜிட்டோ, பாளையக்காரர் ஒப்புமைக்கு: அப்படியே ஒட்டாது. ஆனால் நம்ம பக்கத்தில் அதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. அது காவல் உரிமை.

பாளையக்காரர் தம் பாளையத்து ஊர்களைத் தாமே ஆண்டவர். கோட்டை, படை, வழக்குத் தீர்ப்பு எல்லாம் அவர் கையில். மதுரை நாயக்கருக்கும் பின்னால் ஆற்காட்டு நவாபுக்கும் கப்பம் கட்டினார். வருமானத்தில் ஒரு பங்கு கப்பம், ஒரு பங்கு படை, ஒரு பங்கு தனக்கு என்று மரபாகச் சொல்வார்கள். 1200-ஆம் ஆண்டு ஜிட்டோவுக்கு இதில் எதுவும் முழுதாகக் கிடையாது. பண்ணை வேறொருவருடையது. அவர் நெல்லைப் பிடித்தால் காமகுராவில் வழக்கு வரும், பதவி போகும். நம்ம பாளையக்காரர்மேல் ஒரு கோயில் வழக்குப் போட்டு நீக்க அப்படி ஒரு மன்றம் இருந்ததில்லை.

தேசகாவல் அப்படியல்ல. பாளையக்காரர் தமக்குச் சொந்தமில்லாத ஊர்களிலும், சர்க்கார் ஊர்களிலும்கூட, களவு போகாமல் காக்கிறேன் என்று காவல்கூலி வாங்கினார். ஊருக்குள்ளேயே வழிவழியாக இருந்த ஸ்தலகாவல் வேறு. ஊர் இன்னொருவருடையது, விளைச்சலில் ஒரு பங்கு காக்கிறவருக்கு: 1223-இன் தன்னுக்கு 5 ஷோவை இதோடு வைத்துப் பாருங்கள். பங்கு மெல்லப் பெருகுவதும், காக்கிறவரே மிரட்டுவதும் இரண்டு இடத்திலும் நடந்தது. நெல்லைச் சீமையில் கலெக்டர் லஷிங்டன் தேசகாவல் வசூலைக் கடுமையாகச் சாடி எழுதினார். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட காலத்தை ஒட்டியே கும்பினி அந்த உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

பாளையக்காரருக்கு நிகர் தேடினால் 14-ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்குப் போக வேண்டும். 1352-இல் தகாவுஜி நிறுவிய அஷிகாகா அரசு ஓமி, மினோ, ஒவாரி மூன்று நாட்டிலும் பண்ணை நெல்லில் பாதியைப் படைச்செலவுக்கு வைத்துக்கொள்ள அனுமதித்தது. அந்த ஓராண்டு விளைச்சலுக்கு மட்டும் என்றுதான் ஆணை. பாதியைப் பிடித்தவர்கள் விடவில்லை. மற்ற நாடுகளுக்கும் பரவியது. அதை வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்த ஷுகோக்கள் நாட்டுக்கே தலைவரானார்கள். கோட்டையும் தனிப்படையும் கொண்ட அவர்களைப் பாளையக்காரரோடு வைத்துப் பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானில் இரண்டு அரச கிளைகளும் மாறி மாறி அரியணை ஏறியதை, பாண்டியர் பலர் ஒரே காலத்தில் ஆண்டதோடு ஒப்பிடத் தோன்றும். பாண்டியர் தனித்தனிப் பகுதியில் தாமே படையோடு ஆண்டவர்கள். அதனால்தான் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதியபோது 1311-இல் மாலிக் காபூர் உள்ளே வர முடிந்தது. ஜப்பானிய கிளைகளுக்கு 1333 வரை சொந்தப் படை கிடையாது, நடுவர் காமகுரா. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட வேண்டாம்.

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி. ஒண்ணே ஒண்ணு: காமகுரா ஆட்சி தொடங்கின ஆண்டு 1185-ஆ, 1192-ஆ? தேதிகளும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே.

ஏட்டுக்கட்டு:

1192 என்பது யோரிட்டோமோவுக்கு ஷோகன் பட்டம் கிடைத்த ஆண்டு. அதைத் தராமல் இருந்த ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவா அவ்வாண்டு மூன்றாம் மாதம் இறந்தார். ஏழாம் மாதம் பட்டம் வந்தது. ஆட்சி உறுப்புகள் அதற்கு முன்பே இருந்தன: வீரர் அலுவலகம் 1180, ஆவண அலுவலகமும் வழக்கு அலுவலகமும் 1184. ஆகவே கரும்பலகையில் 1180, 1183, 1185, 1192, 1221 என்று ஐந்து படியாக எழுதி, ஒவ்வொன்றிலும் எந்த உரிமை புதிதாகக் கைக்கு வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

தேதி மாறுவதற்குக் காரணம் சந்திர நாட்காட்டி. தான்-னோ-உரா மூன்றாம் மாதம் 24. ஐரோப்பியக் கணக்கில் 1185 ஏப்ரல் 25. காமகுரா விழுந்தது ஐந்தாம் மாதம் 22; அது 1333 ஜூலை 4. தைரா குலம் மினமோட்டோ குலத்தைத் தோற்கடித்த ஹெய்ஜி கலகம் பன்னிரண்டாம் மாதத்தில் நடந்ததால் சில நூல்களில் 1159, சிலவற்றில் 1160. எந்த முறையை எடுத்தாலும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். "மே 22" என்று எழுதினால் அது இரண்டு முறைக்கும் பொருந்தாது.